குறிக்கோளை விடாமல் வழியை மாற்றிக்கொள்வது எப்படி: குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான குடிமைப்பணித் தேர்வு முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டமாக நடக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான தேர்வின் இறுதி முடிவு 2025 ஏப்ரல் 22 அன்று வெளியானது. அடுத்த முதல்நிலைத் தேர்வு மே 25 அன்று நடந்தது. இடைவெளி 33 நாள்கள். நேர்முகத் தேர்வு வரை சென்று இறுதிப் பட்டியலில் பெயர் காணாத ஒருவர், அந்த 33 நாள்களுக்குள் துக்கத்தை ஆற்றிக்கொண்டு, வீட்டாருக்குப் பதில் சொல்லி, மீண்டும் எழுதுவதா நிறுத்துவதா என்று முடிவெடுத்து, எழுதுவதாக இருந்தால் பல மாதங்களாகத் தொடாமல் விட்ட முதல்நிலைப் பாடங்களை மறுபடி படித்து முடிக்கவும் வேண்டும். அந்த மனநிலையில் எவராலும் நிதானமாக யோசிக்க முடியாது. ஆகவே வழியை எப்போது, எந்த அறிகுறியைக் கண்டு மாற்றிக்கொள்வது என்பதை முடிவு வருவதற்கு வெகு முன்பே, மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

நான் அந்தத் தேர்வை ஐந்து முறை எழுதியவன். இரண்டு முறை முதன்மைத் தேர்வு வரை சென்றேன். நேர்முகத் தேர்வுக்கு ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை. இப்போது குரூப் 2 தேர்வின் வழியாகக் கிடைத்த மாநில அரசுப் பணியில் இருக்கிறேன். மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவது வழக்கம். அவர்களிடம் சொல்வதையும், என்னிடம் அந்த வயதில் யாராவது சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

குறிக்கோளைப் பதவியின் பெயரால் எழுத வேண்டாம்

"ஐஏஎஸ் ஆக வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு இரண்டே விடைகள்தான் உண்டு: ஆனோம், ஆகவில்லை. நடுவில் எதுவும் இல்லை. அத்தகைய குறிக்கோள் எந்தப் பக்கமும் வளையாது. வளையாத பொருள் அழுத்தம் வரும்போது முறியும். அதற்குப் பதிலாக, அந்தப் பதவியில் அமர்ந்து எந்த வேலையைச் செய்ய விரும்புகிறீர்கள் என்பதை எழுதுங்கள். இது கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பலர் இதில்தான் அரை நாள் தடுமாறுகிறார்கள். எங்கள் நூலகத்துக்கு வரும் ஓர் இளைஞரிடம் இதைக் கேட்டபோது, முதலில் "மக்களுக்குச் சேவை" என்றார். எந்த மக்களுக்கு, என்ன சேவை என்று மேலும் கேட்டதற்குச் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "எங்க அப்பா பட்டா மாறுதலுக்காக நாலு வருஷம் அலைஞ்சாருண்ணா, அந்த மாதிரி யாரும் அலையக் கூடாது" என்றார். உண்மையான குறிக்கோள் அதுதான்.

அவ்வாறு எழுதிய உடனே வழிகள் பலவாகப் பிரிவதைக் காணலாம். நில ஆவணங்களோடு பணியாற்ற விரும்புபவர் கிராம நிர்வாக அலுவலராகவும் அதைச் செய்யலாம். அப்பணிக்கு இப்போது குரூப் 4 தேர்வின் வழியாகவே ஆள் எடுக்கப்படுகிறது. குரூப் 1 தேர்வில் வென்று துணை ஆட்சியராகவும் செய்யலாம். மாநிலப் பணியில் சேர்ந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து இந்திய ஆட்சிப் பணிக்குப் பதவி உயர்த்தும் முறையும் உள்ளது. வருவாய்த் துறை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகவும் அதே குறிக்கோளை நிறைவேற்றலாம். இவற்றில் எதுவும் மற்றொன்றுக்குத் தாழ்ந்ததென்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்த எண்ணம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பதவி கிடைத்த பிறகும் வழி மாறலாம் என்பதற்கு ஐராவதம் மகாதேவனின் வாழ்க்கை நல்ல சான்று. 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய அவர், அலுவல்களுக்கிடையே சிந்துவெளி எழுத்துகளையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்துகொண்டே இருந்தார். சிந்துவெளி எழுத்துகளுக்கான அவருடைய விரிவான தொகுப்பு 1977இல், அவர் பணியில் இருக்கும்போதே வெளிவந்தது. 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். பின்னர் 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்தார். தமிழ்த் தொல்லெழுத்தியல் குறித்த பெருநூலை 2003இல், எழுபது வயதைக் கடந்த பின் வெளியிட்டார். ஆட்சிப் பணி, இதழியல், ஆய்வு என்று இருக்கைகள் மாறின. பழைய எழுத்துகளைப் படித்தறிய வேண்டும் என்ற ஆவல் மட்டும் தொடர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஏங்கும் பதவியை அவரே முன்வந்து விட்டுச் சென்றார் என்பதைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

எந்தக் கதவு எப்போது மூடும் என்று கணக்கிடுங்கள்

என் பார்வையில் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். குடிமைப்பணித் தேர்வு எழுதப் பொதுப்பிரிவினருக்கு 32 வயது வரையும், பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரையும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயது வரையும் இடமுண்டு. பொதுப்பிரிவினர் 6 முறையும் பிற்படுத்தப்பட்டோர் 9 முறையும் எழுதலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வயதுக்குள் எத்தனை முறை என்ற வரம்பு இல்லை. இந்தக் கணக்கை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது இதற்கு அருகிலுள்ள மற்றக் கதவுகளின் கணக்கை. பொதுத்துறை வங்கிகளில் அதிகாரியாகச் சேர்வதற்கான தேர்வுக்கும், ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரித் தேர்வுக்கும் பொதுப்பிரிவு உச்ச வயது 30. மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவி கமாண்டன்ட் தேர்வுக்கு 25. இவற்றிலும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதேபோல 3 ஆண்டும் 5 ஆண்டும் தளர்வு உண்டு. அதாவது, முதல் விருப்பமான கதவு திறந்திருக்கும்போதே, அது கிடைக்காவிட்டால் போகலாம் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுவிடுகின்றன. "கடைசி அட்டெம்ப்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பவருக்கு, அந்த அப்புறம் வரும்போது பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

எனக்கு அதுவே நேர்ந்தது. ரிசர்வ் வங்கித் தேர்வுக்கு என் பிரிவுக்கான வயது வரம்பு முடிய ஓராண்டே எஞ்சியிருந்தபோது அதன் அறிவிப்பு வெளியானது. நான் படித்துக்கொண்டிருந்த பொருளாதாரப் பாடத்தோடு அதன் பாடத்திட்டம் பெருமளவு ஒத்திருந்தது. ஆனாலும் கவனம் சிதறும் என்ற காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்காமல் விட்டேன். உண்மையில் விண்ணப்பித்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சினேன். அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது கடந்துவிட்டது.

ஆகவே ஒரு பெரிய தாளை எடுத்து, இடமிருந்து வலமாக உங்கள் வயதை ஆண்டு ஆண்டாக எழுதுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கோடு இழுத்து, உங்கள் பிரிவுக்கு அது எந்த வயதில் முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பழைய அறிவிப்பிலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குடிமைப்பணித் தேர்வுக்கு அது ஆகஸ்டு 1. கோடுகளைப் போட்டு முடித்ததும், எந்த ஆண்டில் இரண்டு மூன்று கோடுகள் ஒன்றாக முடிகின்றன என்பது கண்ணில் படும். அதற்கு முந்தைய ஆண்டுதான் நீங்கள் மாற்றுத் தேர்வுகளைக் கட்டாயம் எழுத வேண்டிய ஆண்டு. அதற்கு முன்பு எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். அந்த ஆண்டில் மட்டும் விருப்பத்துக்கு இடம் தரக் கூடாது.

இதனோடு ஒரு சிறு செய்தி. குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்கூடத்துக்குச் செல்லாவிட்டால் அது ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படாது. முதல்நிலையின் ஒரு தாளை எழுதினாலும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே படிப்பு முடியாத ஆண்டில் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று போய் உட்கார்வது, பின்னாளில் தேவைப்படக்கூடிய ஒரு வாய்ப்பைச் செலவழிப்பதாகும்.

விதி மாறும்போது

நீண்டகாலக் குறிக்கோளில் நம் கையில் இல்லாதவை பல இருக்கின்றன என்பதை இந்தத் தேர்வின் வரலாறே காட்டும். 2011இல் முதல்நிலைத் தேர்வில் விருப்பப்பாடம் நீக்கப்பட்டுத் திறனறித் தாளான சிசாட் வந்தது. 2013இல் முதன்மைத் தேர்வில் இரண்டு விருப்பப்பாடங்கள் ஒன்றாகக் குறைந்து, பொது அறிவுத் தாள்கள் நான்காயின. 2015இல் சிசாட் தாள் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக மாறியது. 2009இல் படிக்கத் தொடங்கிய ஒருவர் ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று வேறு தேர்வுகளைச் சந்தித்தார் என்றே சொல்லலாம். 2020இல் கொரோனாவால் மே 31இல் நடக்க வேண்டிய முதல்நிலைத் தேர்வு அக்டோபர் 4க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டோடு வாய்ப்பு முடிந்தவர்கள் கூடுதலாக ஒரு வாய்ப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றார்கள், 2021 பிப்ரவரியில் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மாநிலத்திலும் இதே நிலைதான். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1இல் நடந்த பிறகு 2022 ஜூலை 24இல்தான் மறுபடி நடந்தது. அதற்குள் தமிழ்த் தாள் கட்டாயமாகிவிட்டது. பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துப் படித்துவந்தவர்கள் தமிழ் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்க நேர்ந்தது.

இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியது என்ன? முதல் வாரத்தில் கோபப்படுவது இயல்பு, அதில் தவறில்லை. இரண்டாவது வாரத்தில், புதிய பாடத்திட்டத்தையும் பழையதையும் அருகருகே வைத்து, நீங்கள் படித்தவற்றில் எவை இன்னும் பயன்படும், எவை பயன்படா, எவற்றைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரியுங்கள். பயன்படும் பகுதி நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கும் என்பது என் அனுபவம். பிறகு, புதிதாகப் படிக்க வேண்டியதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை வயதுத் தாளில் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் தொடருங்கள். பொருந்தாவிட்டால், அந்தத் தேர்விலிருந்து விலகுவது உங்கள் தோல்வி ஆகாது. விதியை மாற்றியவர் நீங்கள் இல்லை. போராட்டமும் மனுவும் வழக்கும் அவசியமானவையாக இருக்கலாம், அவற்றில் பங்கெடுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் அவற்றின் முடிவை நம்பி ஓராண்டுத் திட்டத்தை அமைக்காதீர்கள்.

முடிவைப் படிக்கும் முறை

2023ஆம் ஆண்டுக்கான குடிமைப்பணித் தேர்வில் முதல்நிலையை எழுதியவர்கள் ஏறத்தாழ 5.9 இலட்சம் பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். முதன்மைத் தேர்வுக்கு வந்தவர்களிலேயே பதினான்கில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. தகுதியுள்ளவர்களும் பெருமளவில் வெளியே நிற்கும் அமைப்பு இது. ஆகவே "தேர்வாகவில்லை" என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து உங்கள் திறமையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதற்குப் பதிலாக, எந்த நிலையில், எந்தத் தாளில், எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

நிலையைப் பொறுத்து மாற்ற வேண்டியதும் மாறும். முதல்நிலையில் பொது அறிவுத் தாள் நன்றாக இருந்தும் சிசாட் தாளில் விழுந்தவர், வரலாற்றுப் புத்தகத்தை நான்காம் முறை படிப்பதால் பயனில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கணக்கும் பத்தி வாசிப்பும் பயில வேண்டும். முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடத்தில் மட்டும் தொடர்ந்து குறைபவர், அந்தப் பாடத்தை மாற்றுவது பற்றி ஆழ்ந்து யோசிக்கலாம். தமிழ் இலக்கியமும் அந்தப் பட்டியலில் உள்ளது, விடைகளைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பும் உள்ளது. நேர்முகத் தேர்வு வரை சென்று இடம் கிடைக்காதவர்களுக்கு, அவர்களின் ஒப்புதலோடு விவரங்களை வேலை வழங்குவோரிடம் சேர்க்கும் பிரதிபா சேது என்ற ஏற்பாட்டை, இத்தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையமே நடத்துகிறது. அதற்கு ஒப்புதல் தருவதால் அடுத்த முயற்சிக்குக் குறை எதுவும் வராது.

இப்போது, எதைக் கண்டால் வழியை மாற்றுவது என்று தொடக்கத்தில் சொன்ன அந்த அறிகுறிகளை எழுதுங்கள். எண்ணும் நாளும் இல்லாத அறிகுறி உதவாது. "சரியாக வரவில்லை என்றால் யோசிப்பேன்" என்று எழுதினால், வேண்டாத நேரத்தில் மனம் அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லும். "தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதல்நிலையைத் தாண்டாவிட்டால் முழுநேரப் படிப்பை நிறுத்தி, வேலையோடு சேர்த்துப் படிப்பேன்" என்பது தெளிவான அறிகுறி. "28ஆம் வயது தொடங்கும் ஆண்டில் வங்கித் தேர்வையும் குரூப் 2 தேர்வையும் கட்டாயம் எழுதுவேன்" என்பதும் அப்படியே. எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். வீட்டு நிலையும் பிரிவும் வயதும் ஆளுக்கு ஆள் வேறு.

மாற்றிக்கொள்ளக் கூடாதவை

வளைந்துகொடுப்பதைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும்: மனச்சலிப்பும் வளைந்துகொடுப்பது போலவே தோன்றும். மாதிரித் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்த இரவில் புத்தகத்தை மாற்றுவதும், முதலிடம் பெற்றவரின் பேட்டியைக் கேட்ட மறுநாள் விருப்பப்பாடத்தை மாற்றுவதும், ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒரு டெஸ்ட் பேட்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் சலிப்பின் வேலைகள். அண்ணா நகரில் நான் தங்கியிருந்த விடுதியில் மூன்று ஆண்டுகளில் மூன்று விருப்பப்பாடங்களைப் படித்த நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிடக் கூர்மையானவர். எந்தப் பாடத்தையும் முழுமையாக இரண்டாம் முறை படிக்க அவர் தமக்கு அவகாசம் கொடுக்கவே இல்லை.

இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் விதி, பெரிய மாற்றங்களை ஆண்டுக்கு ஒரு முறை, குறித்து வைத்த ஒரு வாரத்தில் மட்டும் முடிவு செய்வது. முதல்நிலைத் தேர்வு முடிந்த அடுத்த வாரம் அதற்கு ஏற்றது. ஆண்டின் மற்ற நாள்களில் தோன்றும் மாற்ற யோசனைகளை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவிட்டு அன்றையப் படிப்புக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த வாரம் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், பெரும்பாலானவை தாமாகவே பொருளற்றுப் போயிருக்கும். பல மாதங்களாக, வெவ்வேறு மனநிலைகளில், திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும் ஒன்றோ இரண்டோ யோசனைகள்தாம் கவனிக்கத் தக்கவை.

பணமும் வீடும்

திட்டம் முறிவது பெரும்பாலும் பாடத்தால் இல்லை, பணத்தால்தான். விடுதி வாடகை, உணவு, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது என்பதை வயதுத் தாளின் அடியிலேயே எழுதுங்கள். உதவிகள் உண்டு. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்கப்படும் ஆயிரம் பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கும், முதல்நிலையில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. சென்னையில் இந்திய ஆட்சிப்பணித் தேர்வுக்கான அரசின் பயிற்சி மையம் உள்ளது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் நம்பியே நாள் முழுவதும் படிப்பவர்கள் ஏராளம். சொந்த ஊரிலிருந்து படிக்க முடிந்தால் கையிருப்பு இரண்டு மடங்கு காலம் வரும் என்பதைக் கூச்சமில்லாமல் கணக்கில் கொள்ளுங்கள்.

பகுதிநேர வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், மூன்றாம் ஆண்டிலிருந்து அது நல்லது என்பதே. படிக்கும் நேரம் குறையும். ஆனால் மாதம் ஒரு தொகை சொந்தமாக வரும்போது அச்சம் குறைகிறது, அச்சம் குறைந்தவருக்கே வழி மாற்றத்தைப் பற்றி நேர்மையாக யோசிக்கும் தெம்பு இருக்கிறது. கல்லூரி முடித்த ஆண்டிலிருந்து எந்தப் பணிச் சான்றும் இல்லாமல் ஆறு ஆண்டுகள் கழிந்தால், தனியார் நிறுவனங்களில் நுழைவதும் கடினமாகிறது.

வீட்டாரிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோரிடம் "இன்னும் ஒரு வருஷம்" என்று மட்டும் சொன்னால், அது முடிவே இல்லாத ஒரு வருடமாக அவர்களுக்குத் தோன்றும். அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், அந்த மௌனம் கேள்வியைவிடக் கனமானது. தாளைக் காட்டிப் பேசுங்கள். எந்த வயதில் எந்தத் தேர்வு, எந்த அறிகுறி வந்தால் என்ன மாற்றம், அதுவரை மாதம் எவ்வளவு தேவை என்று சொன்னால், படிப்பறியாத பெற்றோரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். என் அம்மாவிடம் அவ்வாறு பேசிய நாளில், அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல எழுதியிருக்கபடி நீ கேப்பியா?"

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே கடைசி வேலையைச் செய்யுங்கள். தாளுக்கு இரண்டு படி எடுத்து, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒன்றை நீங்கள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். மற்றொன்றை, உங்கள் மீது அன்பும் உங்களை மறுத்துப் பேசும் துணிவும் உள்ள ஒருவரிடம் கொடுத்து, குறித்த வாரத்தில் அவராகவே வந்து அதை உங்கள் முன் வைத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் ஏழு பேரின் தாள்கள் இப்போது என் பையில் இருக்கின்றன.